மேடம் இட்டோஹானின் எகூசிக்கு மெய்ச்சான்று

மரபுகளைக் காப்பது தன் தலையாய கடமை என்று எங்கள் மாநகராட்சி ஒரு நாள் தீர்மானம் போட்டது. லண்டனின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் கடைத்தெரு முழுவதும் மாநகராட்சிக்குச் சொந்தம். வாடகையை ஏற்றி மரபுகளை விரட்டிக்கொண்டிருந்ததும் அதே மாநகராட்சிதான். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. விரட்டுவது ஒரு துறை, காப்பது இன்னொரு துறை. இரண்டும் எதிரெதிர் அறைகளில் இயங்கின.

தீர்மானத்தின் சாரம் இதுதான். தன் நாட்டுச் சமையலை மெய்யாகப் பேணும் உணவகத்துக்கு மெய்ச்சான்று வழங்கப்படும். அதற்குப் பழைய வாடகையே தொடரும். சான்று பெறாதவர்கள் புது வாடகை கட்டலாம், அல்லது காலி செய்யலாம். மெய்யா பொய்யா என்பதை அந்தந்த நாட்டவரே சாட்சி சொல்ல வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

மேடம் இட்டோஹான் நைஜீரியாவின் பெனின் நகரத்துக்காரர். அவர் கடையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உணவுப் பட்டியல் பலகை இருக்கிறது. அதில் எதைக் கேட்டாலும் "தீர்ந்துபோச்சு" என்பார். அவை எப்போது இருந்தன என்று யாருக்கும் தெரியாது. முலாம்பழ விதை போன்ற ஒன்றை அரைத்துக் கீரையோடு கொதிக்கவிடும் எகூசிக் குழம்பும் இடித்த வள்ளிக்கிழங்கும் மட்டும் என்றும் உண்டு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எக்கானெமும் நர்ஸ் உலோமாவும் எனக்கு முன்பே வந்திருப்பார்கள். மூவருமே நைஜீரியர்கள், ஆளுக்கொரு ஊர்.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டை யாரும் புகழ்வதில்லை. தட்டை வழித்துக்கொண்டே திட்டுவோம். புகழ்ச்சி என்பது இறந்துபோனவர்களுக்கு உரியது. உயிரோடிருப்பவர்களைத் திட்டுவதுதான் மரியாதை.

இது மாநகராட்சி அனுப்பிய மதிப்பீட்டு அலுவலர் பெம்பர்டனுக்குத் தெரியாது. அவர் நல்லவர். நல்லவராக இருப்பதற்கு முறையான பயிற்சியும் பெற்றவர்.

"ஐயா, இந்தக் குழம்பு உங்க ஊரை ஞாபகப்படுத்துதா?" என்று எக்கானெமிடம் கேட்டார்.

"இதையா கேக்கறீங்க? எங்க கலபார்ல இதைக் குழம்புன்னு சொன்னா போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடும்," என்றார் எக்கானெம், எலும்பை உறிஞ்சியபடி.

"அம்மா, நீங்க?"

"கீரையை அலசவே தெரியாது இந்தப் பொம்பளைக்கு," என்றார் உலோமா. "எங்கம்மா பார்த்திருந்தா அழுதிருப்பாங்க. ஏ மேடம், இன்னொரு உருண்டை கொண்டா, சீக்கிரம்!"

பிறகு பெம்பர்டன் என் பக்கம் திரும்பினார். நான் யோசித்திருக்க வேண்டும். எதையும் நிறைய யோசிக்கிறவன் நான். ஆனால் யோசனை எனக்கு உரிய நேரத்தில் வந்ததே இல்லை. "இறால் பொடி பத்தல," என்றேன். "பெனின்காரங்க கை அதுக்கு மேல நீளாது."

அடுக்களையிலிருந்து மேடத்தின் குரல் உற்சாகமாக வந்தது. டேயோ என்கிற என்னை அவர் 'ஓகா', அதாவது ஐயா, போட்டுத்தான் கூப்பிடுவார். "ஓகா டேயோ, கடலே இல்லாத உங்க இபாதான்ல இறாலைப் படத்துலதானே பார்த்திருப்பீங்க!"

பெம்பர்டன் எல்லாவற்றையும் நேர்மையாகப் பதிவு செய்துகொண்டார்.

முடிவு வந்தது. 'மேற்படி உணவகத்துக்கும் நைஜீரியாவுக்கும் தொடர்பு ஏதுமில்லை என அந்நாட்டவரே ஒருமனதாகத் தெரிவித்துள்ளபடியால் சான்று மறுக்கப்படுகிறது.' நாங்கள் மூவரும் ஒருமனதாக இருந்தது அதுதான் முதல் தடவை.

மேடம் அன்று யாரையும் வையவில்லை. அகப்பையைக் கீழே வைத்தார். "புது வாடகை கட்டணும், இல்லன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்," என்றார்.

"நாங்க திட்டினது திட்டா மேடம்?" என்றார் எக்கானெம்.

"எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்றது?"

மேல்முறையீடு செய்தோம். அதன் விசாரணைக்கு முன் தொடர் அவதானிப்பு அவசியம் என்று பெம்பர்டன் தினமும் மதியம் வரத் தொடங்கினார். முதலில் முள்கரண்டியால் அவதானித்தார். பிறகு கை கழுவக் கிண்ணம் கேட்டார். மிளகாய்க் காரத்தில் கண்ணீர் வழிய வழிய அவதானித்தார். தட்டில் அவதானிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதற்கிடையில் நாங்கள் உலோமா வீட்டில் ஒத்திகை பார்த்தோம். "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எக்கானெமுக்கு "நல்லா" வரைக்கும் வந்தது. அதன் பிறகு இருமினார். "வாழ்நாள் பூரா பஸ் ஓட்டியிருக்கேன், இப்படி ஒரு வளைவைப் பார்த்ததில்ல," என்றார். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. தன் அடுக்களையைப் பற்றிப் பொய் சொல்ல அவர் விடமாட்டார்.

விசாரணை கடையிலேயே நடந்தது. பெம்பர்டன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். எக்கானெம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

"பிரமாதம்," என்றார் உலோமா.

"எங்க வீட்டுச் சமையல் தோத்துடும்," என்றேன் நான். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அடுக்களையில் ஏதோ விழுந்தது. மேடம் ஓடி வந்தார். "யாரு செத்துப்போனா?" என்றார். எக்கானெமின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலும் இல்லையே! அப்புறம் என்ன? நான் என்ன உங்களுக்கு அந்நியமா? என் முகத்துக்கு நேரா நல்லா இருக்குன்னு சொல்றீங்களே, இதுக்கா இத்தனை வருஷம் உங்களுக்கு ஆக்கிப் போட்டேன்?"

"உன் கடையைக் காப்பாத்தத்தான்டி!" என்று கத்தினார் உலோமா. "இல்லன்னா இந்தக் கீரையை எவ நல்லா இருக்குன்னு சொல்லுவா?"

"கீரை கிடக்கட்டும், கிழங்கு கட்டி தட்டியிருக்கே!" என்றார் எக்கானெம், விடுதலை பெற்றவராக.

கூச்சல் உச்சத்தில் இருந்தபோது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"போன வாரம் கருவாடு இன்னும் கொஞ்சம் கூட இருந்தது."

பெம்பர்டன். விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மேடத்தின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? இவன்தான் என் பிள்ளை!" என்று அவர் தட்டில் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

பெம்பர்டனுக்கு அந்தக் கணத்தில் ஞானம் வந்திருக்க வேண்டும். அலுவலருக்கு ஞானம் வந்தால் அது சுற்றறிக்கையாகத்தான் வெளிப்படும். 'குறை கூறியவாறே மீண்டும் மீண்டும் வருகை தருதல் மெய்த்தன்மையின் தலைசிறந்த ஆதாரமாகக் கொள்ளப்படும்.' மேடத்துக்குச் சான்று கிடைத்தது. பித்தளைத் தகடு வாசலில் ஏறியது. அடுத்த தெரு சோமாலியக் கடைக்காரர் எக்கானெமை வழிமறித்து, "நம்ம கடைக்கும் வந்து ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போங்க அண்ணே" என்று கெஞ்சினார். திருப்தியடைந்த வாடிக்கையாளர்களைக் கொண்ட ஓர் இத்தாலியக் கடை சான்று இழந்து மூடப்பட்டது.

தகட்டைப் பார்த்துப் புதுக் கூட்டம் வந்தது. தாடியை எண்ணெயிட்டு வளர்த்த இளைஞர்கள், குழம்பைப் பல கோணங்களில் படம் பிடித்துவிட்டு, ஆறிய பிறகு கொஞ்சம் தொட்டுப் பார்த்து, "அற்புதம்" என்றார்கள். அதே வாயால் "இதைவிட மெய்யானது எங்கும் கிடையாது" என்றும் சொன்னார்கள். காலை முதல் மாலை வரை அற்புதம். மேடத்துக்கு அலச நேரமில்லாமல் கீரை உறைபெட்டியிலிருந்து வந்தது. கிழங்கு இடிபடுவது நின்று, மாவாகப் பொட்டலத்தில் வந்தது.

போன வாரம் குழம்பு அடிப்பிடித்திருந்தது. முதல் கவளத்திலேயே தெரிந்தது. நான் வெகுநேரம் யோசித்தேன். எத்தனையோ வருஷமாக ஒப்புக்குக் குறை சொன்னவன், இப்போது உண்மையை எந்த வாயால் சொல்வது? கடைசியில் அடுக்களை வாசலுக்கே போய் நின்றேன்.

"மேடம், விளையாட்டுக்குச் சொல்லல. குழம்பு நிஜமாவே கருகிப்போச்சு."

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "நாள் பூரா அற்புதம் அற்புதம்னு கேட்டுக் காது புளிச்சிடுச்சு, ஓகா டேயோ. நீங்க ஒருத்தர்தான் மாறவே இல்ல," என்று என் தட்டில் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் பெம்பர்டன் இருந்தார். அவர் தட்டிலும் இரண்டாவது அகப்பை இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இருவரும் தலையைக் குனிந்து தட்டை வழித்தோம்.

அடுத்த ஆண்டு சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் சாட்சியம் தயார். இந்த முறை அது உண்மையாகவும் இருக்கும்.