பெயர் சொல்லி வரவேற்கவும்

பச்சையாக ஏதோ வருகிறது. குள்ளம். நடையில் ஒரு சாய்வு. முத்தாயக்காவாக இருக்கலாம், சென்னம்மாளக்காவாகவும் இருக்கலாம். முருகா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், குரலை வைத்துச் சொல்லிவிடுவேன்.

பச்சை உருவம் ஜன்னல் முன்னால் வந்து நின்றது. பேசவில்லை.

"வாங்க முத்தாயக்கா!" என்றாள் மயிலாத்தாள், வருவது வரட்டும் என்று.

"முத்தாயியா? சங்கத்துல வாசல் கூட்டறாளே, அவளா?" என்றது உருவம். "நான் கமலாம்பாள். செயலாளர் சம்சாரம். அவருக்குச் சோறு கொண்டாந்தேன்."

பனியன் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் போன மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. எதிர்ச் சாரியில் ஒரு சீட்டுக் கம்பெனி திறந்தார்கள். அதன் ஆள் வாசலிலேயே நின்று, தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சங்கத்துச் செயலாளர் சிவசுப்பிரமணியம் பதறிப்போய், போட்டியைச் சமாளிக்கும் பயிற்சிக்கு மூன்று நாள் கோயமுத்தூர் போனார். திரும்பி வந்ததும் ஒரு பலகை எழுதி, ஊழியர்கள் கண்ணில் படும்படி மாட்டினார்: 'பெயர் சொல்லி வரவேற்கவும்.'

"மூணு மாசம் பாப்பேன். எந்த ஜன்னல்ல புது உறுப்பினர் கம்மியோ, அவங்க குன்னத்தூர் கிளைக்குப் போயிக்கலாம்," என்றார்.

குன்னத்தூர் என்றால் இரண்டு பஸ். வயசுப் பெண்ணை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அதாவது, வேலை போச்சு. வீட்டில் அவள் இன்னும் கட்டிக் கொடுக்காத பெண். இங்கே இரண்டாம் ஜன்னல். அந்த மரக்கதவைத் திறக்கிறபோது உள்ளே நிமிர்ந்து உட்கார்பவளை மயிலாத்தாளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

ஆனால் அவளுக்குக் கை நீளம் வரைதான் உலகம் தெளிவு. பாஸ் புத்தகத்து எழுத்து பளிச்சென்று தெரியும். அதை நீட்டுகிறவர் முகம் சாயத்தண்ணீரில் கலங்கிக் கிடக்கும். "கண்ணாடி போட்டா எவன் கட்டுவான்?" என்று அம்மா கேட்டதிலிருந்து அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் யாரென்று தெரியாமல் விறுவிறுவென்று போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்றுதானே நினைப்பார்கள் என்று வீடு வரைக்கும் மனசு அரிக்கும்.

முதல் ஜன்னல் அய்யாசாமிக்கோ ஒருமுறை பார்த்த முகம் மறக்காது. திங்கட்கிழமைச் சந்தையில் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பார். "ஏனுங்க பெரியாத்தாளக்கா, இந்த வாரம் சங்கத்துப் பக்கமே காணோம்!"

"ஆளுன்னா அய்யாசாமி மாதிரி இருக்கோணும்," என்பார் செயலாளர்.

மயிலாத்தாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் எந்த நிறச் சேலை என்று ஒரு நோட்டில் குறித்து மனப்பாடம் செய்தாள். இரண்டு வாரம் பிழைத்தாள். மூன்றாம் வாரம் தீபாவளி. பனியன் கம்பெனி முதலாளி தாராள மனசுக்காரர். பனியன் மடிக்கிற பெண்கள் இருபத்தேழு பேருக்கும் ஒரே மாதிரி நீலச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு இருபத்தேழு நீலமும் வரிசையில் நின்றன. நோட்டுப்படி நீலம் என்றால் பழனாயி.

மூன்றாவது பழனாயியை வரவேற்றபோது வரிசையே சிரித்தது.

அதற்குப் பிறகு பெயரே வேண்டாமென்று விட்டாள். யார் வந்தாலும் "வாங்க கண்ணு." கிழவிகள்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் வெள்ளையாக ஓர் உருவம் வந்து நின்றது.

"வாங்க கண்ணு, புதுக் கணக்குங்களா?"

பின்னால் செயலாளர் இருமிய இருமலில் மேசை ஆடியது. வந்தவர் தணிக்கைக்கு வந்த கூட்டுறவு அதிகாரி. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி.

"எங்கம்மாவுக்கப்புறம் என்னை இப்படிக் கூப்பிட்டது நீதாம்மா," என்றார் அவர். அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனித்தார். தூரத்துக்குப் போட்டிருந்த தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இதைப் போட்டுச் சொல்லு. செவுத்துல என்ன எழுதியிருக்குது?"

மயிலாத்தாள் போட்டாள். "பெயர் சொல்லி வரவேற்கவும்" என்று படித்தாள். "இத்தனை நாளா அது வெறும் பலகையாத்தானுங்க தெரிஞ்சுது."

"கண்ணு தெரியாமயா அம்மிணி இத்தனை நாளா!" செயலாளர் தலையில் கை வைத்தார். "குன்னத்தூருக்கு இன்னைக்கே எழுதிப்போடறேன்."

"முதல்ல ரிஜிஸ்டரைக் கொண்டாங்க," என்றார் அதிகாரி.

முதல் ஜன்னலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர், கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள் நாற்பத்தொரு பேர். இரண்டாம் ஜன்னலில் புதிதாக நூற்று அறுபத்து மூன்று பேர். போனவர் ஒருவருமில்லை. எதிர்ச் சாரிக் கம்பெனியிலிருந்தே எண்பது பேர் வந்திருந்தார்கள்.

செயலாளர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார். அய்யாசாமி கூரையைப் பார்த்தார்.

"என்ன தந்திரம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியலீங்க," என்றாள் அவள். நிஜமாகவே தெரியவில்லை.

"கண்ணு தெரியாமயே இந்தப் போடு போடறா. தெரிஞ்சா?" என்றார் அவர் செயலாளரிடம்.

அடுத்த சனிக்கிழமை, சங்கச் செலவில் வாங்கிய மூக்குக் கண்ணாடியைப் பரிசாகத் தந்தார்கள். மாலை போட்டார்கள். அய்யாசாமியும் கை தட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தாள். மூக்குத்திகள், மஞ்சள் பூசிய கன்னங்கள், பல் இடுக்கில் வெற்றிலைக் காவி. ஒவ்வொன்றும் தனித்தனி முகம்! நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இனிமேல் அம்மிணி உங்க எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும்!" என்று செயலாளர் அறிவித்தார். "எங்கே, ஆரம்பி பாக்கலாம்."

வரிசையில் நின்றவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதலில் நின்ற பழனாயி, கம்பியில் மூக்கு படக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"கெடுத்துப்போடாத அம்மிணி. அய்யாசாமியும் எதிர்த்த கம்பெனிக்காரனும் தெருவுலயும் சந்தையிலயும் கத்திக் கத்தியே, நாங்க பணம் சேக்கறது எங்கூட்டுக்காரங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீ ஒருத்திதான், நாங்க புருசனோட எதிர்ல வந்தா ஆருன்னே தெரியாத மாதிரி போவே. அந்த நடிப்புக்குத்தானே அத்தனை பேரும் உன்ற ஜன்னலுக்கு வந்தோம்!"

மயிலாத்தாள் அந்த முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, செயலாளர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"வேண்டாமுங்க," என்றாள். "எனக்கு ஆரையும் தெரியாதுங்க."