இரண்டு தரம் கிறுகிய மீற்றர்

இது எழுபத்தொன்பதில் நடந்ததா, எண்பதிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்தப் பிக்கப் நீல நிறம் என்றுதான் எனக்கு ஞாபகம். முகைதீன்பாவாவின் மனைவி சபியா உம்மா, தான் உயிரோடிருந்தவரை, அது பச்சை என்று சாதித்தார். யார் எதைச் சொன்னார்கள் என்பதிலும் சில இடங்களில் நான் பிசகியிருக்கலாம். ஆனால் முகைதீன்பாவா அந்தப் பிக்கப்புக்கு அடியில் புகுந்து அரை மணித்தியாலமாக வெளியே வரவில்லை என்பது நிச்சயம்.

"காக்கா, உசிரோட இரிக்கிறீங்களா?" என்று மேலேயிருந்து கேட்டார் மெக்கானிக் அபூசாலி.

"பேசாம நில்லு. தேடிக்கிட்டு இரிக்கன்."

"என்னத்த?"

"அது தெரிஞ்சா ஏன் தேடுறன்?"

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, நெல் விதைக்கிற மனிதர் தானே அடியில் புகுந்ததற்குக் காரணம் இருந்தது. அபூசாலியும் வண்டிக்காரர் அப்துல் ஸமட்டும் ஒரே பள்ளியில் தொழுகிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரே வரிசையில் நிற்பதைக்கூட முகைதீன்பாவா கண்டிருக்கிறார். அப்படிப்பட்ட இருவரை ஒரு வண்டியோடு தனியாக விடலாமா?

அப்துல் ஸமட் பன்னிரண்டு வருஷமாகக் கல்முனையிலிருந்து அம்பாறைக்கு இந்தப் பிக்கப்பில் மீன் கொண்டுபோனவர். இப்போது கண் மங்கிவிட்டது, விற்கிறார். தன் வீட்டு வளவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முகைதீன்பாவாவின் இரண்டு கால்களையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் முகைதீன்பாவா வெளியே வந்தார். தாடியில் இரும்புக் கறல் ஒட்டியிருந்தது.

"எத்தின மைல் ஓடியிரிக்கி?"

"மீற்றர்ல முப்பத்தினாலாயிரம் கிடக்கும். அத நம்பிப்போடாதீங்க," என்றார் அப்துல் ஸமட். "அது ரெண்டு தரம் கிறுகி வந்த முப்பத்தினாலு. ரெண்டு லெச்சம் தாண்டிட்டு."

முகைதீன்பாவாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்நாள் முழுவதும் நெல் வியாபாரிகளோடு பழகியவர் அவர். பொய் சொல்கிறவர்களிடம் அவருக்குப் பயமில்லை. பொய் எந்த இடத்தில் இருக்கிறதென்று பார்த்து அதைக் கழித்துவிடலாம். உண்மை சொல்கிறவரிடம் எதைக் கழிப்பது?

"வேற என்ன?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"ரெண்டாவது கியர் சிலநேரம் பாஞ்சிரும். இடப்பக்கக் கதவு உள்ளுக்கிருந்து திறவாது. மழைக்கு ஒழுகும். மீன் மணம் போகாது; நானும் மூணு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவிப் பாத்த."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

அந்த 'ஒண்டுமில்ல'தான் முகைதீன்பாவாவை உறுத்தியது. இவ்வளவையும் சொன்ன மனிதர் எதையோ மறைக்கத்தான் இவ்வளவையும் சொல்லியிருக்கவேண்டும்.

அபூசாலி எஞ்சினை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். ஒரு காகம் வந்து வேலியில் இருந்தது, பறந்தும் போனது.

"என்னடாப்பா?"

"ஓடும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நிக்கிற வரைக்கும்."

வண்டி இல்லாமல் முடியாது என்பதும் முகைதீன்பாவாவுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் முதலில் அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டவேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் குடியிருப்பார். சாய்ந்தமருதில் அவருடைய வளவுக்குள்ளேயே மகள் நஸீறாவின் வீடு ஜன்னல் மட்டத்தோடு மூன்று கிழமையாக நின்றுபோயிருந்தது. மணலும் கல்லும் மாவடிப்பள்ளிக்கு அப்பாலிருந்து வரவேண்டும். அறுவடைக் காலம், ஊரிலுள்ள வண்டில், உழவு மிசின் எல்லாம் வயலில். லொறிக்காரன் பதினொரு தரம் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டான். கல்யாணக் காவின் எழுதுவதற்கு இன்னும் நாற்பது நாள். வீடு முடியாவிட்டால் காவினும் இல்லை.

"நான் வந்துட்டுப் போனத ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க," என்றார் முகைதீன்பாவா.

அதற்கும் காரணம் இருந்தது. மாப்பிள்ளை மருதமுனை இஸ்ஸதீன் மாஸ்டர். அவருடைய ஆட்கள் கல்யாணம் பேசிய பேச்சுக்கால் நாளில் 'வீடு ஒண்டு போதும், வேற ஒண்டும் வேணாம்' என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்தே முகைதீன்பாவாவுக்கு நிம்மதி இல்லை. ஒன்றும் வேண்டாம் என்கிறவர்கள் எதையோ பெரிதாக நினைத்து வைத்திருப்பார்கள். பிக்கப் வாங்கியது காதில் விழுந்தால், அதையும் சீதனத்தில் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்காமல் விடுவார்களா?

"நான் ஏன் சொல்றன்?" என்றார் அப்துல் ஸமட். "நேத்து வந்தவரும் இதத்தான் சொன்னவர்."

"நேத்து வந்தவரா? ஆரு அது?"

"அதச் சொல்லாதீங்க எண்டுதானே அவரும் சொன்னவர்."

முகைதீன்பாவா பிக்கப்பை ஒருதரம் சுற்றிவந்தார். பிறகு கேட்டார்: "விலை முப்பதாயிரந்தானே?"

"நேத்து வந்தவர் முப்பத்தொண்டு எண்டவர்."

வீட்டுக்கு வந்ததும் சபியா உம்மா கேட்டார்: "இஞ்சாருங்க, என்ன முடிவு?"

"யோசிக்கணும்."

"யோசிங்க. மழை ஒண்டு பேஞ்சா சுவர் கரைஞ்சிரும். மறுகா யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்."

முகைதீன்பாவா யோசித்துத் தன் மச்சினன் ஸைனுலாப்தீனை அனுப்பினார். சபியா உம்மாவின் தம்பியான ஸைனுலாப்தீன் வாயாடி. அப்துல் ஸமட்டுக்கு அவரைத் தெரியாது. யாரோ ஒருவரைப்போலப் போய், வண்டியைக் குறைசொல்லி, விலையை இறக்கிவிட்டு வரவேண்டும். ஸைனுலாப்தீன் காலையில் போய் மத்தியானம் லுஹருக்குத் திரும்பினார். முகம் வாடியிருந்தது.

"என்னடா, இறக்கினயா?"

"மச்சான், நான் இது பழைய வண்டி எண்ட. ஓம் எண்டாரு. கியர் சரியில்ல எண்ட. ஓம் மனே, பாயும் எண்டாரு. நாறுது எண்ட. ஓம், நாறும் எண்டுட்டுத் தேத்தண்ணி தந்தாரு. எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டா நான் என்ன செய்ற? பாவமா போச்சு."

"மறுகா?"

"ஆயிரம் கூட்டிச் சொல்லிட்டன்."

முகைதீன்பாவா நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"ஆனா மச்சான்," என்றார் ஸைனுலாப்தீன் ஆறுதலாக, "நான் உங்கட ஆளெண்டு அவருக்குக் கடைசிவரை தெரியாது."

விலை முப்பத்திரண்டானது. யாரென்று தெரியாத அந்த மற்றவர் மறுநாளே முப்பத்திமூன்று சொன்னாராம்.

இனி அந்த மற்றவரை விரட்டினால்தான் ஆகும் என்று முகைதீன்பாவா முடிவெடுத்தார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், தெரியாத ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்த மீன் பிக்கப் இரிக்கே, அதுல செத்தவங்கட மையத்து ஏத்தினதாம். ஒண்டில்ல, நிறைய. ஆருக்கும் சொல்லாதீங்க."

யாருக்கும் சொல்லாதீர்கள் என்றதால் பின்னேரம் அஸருக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. ஆனால் பரவிய விதம் வேறு. மறுநாள் அபூசாலி ஓடிவந்தார்.

"காக்கா, கதை தெரியுமா? ஆரோ ஒரு புண்ணியவான் சொல்லியிரிக்கான். அப்துல் ஸமட்டுக்கிட்டப் போய்க் கேட்டா, ஓம், உண்மைதான் எண்டாராம். ஆசுபத்திரியிலிருந்து பதினேழு மையத்து கொண்டந்திரிக்காரு. ஒரு சதம் வாங்கயில்ல. பறக்கத்தான, அருளுள்ள வண்டி! பள்ளி ஆக்கள் ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போறாங்க. விலை முப்பத்தஞ்சு."

"அந்த மனுசன் ஒண்டையாவது இல்ல எண்டு சொல்லமாட்டாரா?" என்று கத்தினார் முகைதீன்பாவா.

"ஏன் காக்கா கோவிக்கிறீங்க? அவர் பொய்யா சொன்னாரு?"

அன்று பின்னேரம் முகைதீன்பாவா மகளின் வீட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு தனியாக நின்றார். ஒரு செங்கல் பொடிந்து கையோடு வந்தது. நஸீறா சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அந்தக் கல்லைத் திரும்ப அதே இடத்தில் செருகிவைக்க அவர் வெகுநேரம் முயன்றார்.

காலையில் புது யோசனையோடு எழும்பினார். மற்றவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் அவரோடு நேரில் கதைத்துவிடலாம். அப்துல் ஸமட்டின் வளவுக்கு எதிரே ஒரு சலூன் இருந்தது. முகைதீன்பாவா அதற்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னே இருந்தார். கண்ணாடியில் எதிர்வளவின் கேற் நன்றாகத் தெரிந்தது.

முதலில் தலைமுடியை வெட்டினார். ஒருவரும் வரவில்லை. மீசையைச் சரிசெய்தார். ஒருவரும் வரவில்லை.

"இன்னும் என்ன செய்ற காக்கா?" என்று கேட்டான் சலூன்காரன். "தாடி மட்டுந்தான் மிச்சம்."

"ஓரத்த ஒதுக்கு. மெதுவா செய். அவசரமில்ல."

வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் சோப் பூசிக்கொண்டிருந்தபோது, குடையோடு ஒருவர் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பிக்கப்பைச் சுற்றிவந்தார். டயரில் காலால் தட்டினார். பிறகு குடையைச் சுருக்கிவைத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் புகுந்தார்.

அவர் வெளியே வந்தபோதுதான் முகம் தெரிந்தது. உதுமாலெப்பை. மாப்பிள்ளையின் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்கிறவர்.

முகைதீன்பாவா சோப்போடு கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். பிடித்துவிட்டார்கள். தான் பிக்கப் வாங்குவதை எப்படியோ மோப்பம் பிடித்து, சீதனத்தில் எழுதுவதற்கு முன் வண்டி நல்லதா என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தான் வாங்குவதற்கு முன்பே அவர்கள் பரிசோதிக்கிறார்கள்!

உதுமாலெப்பை போய் மறைந்ததும் அவர் தெருவைக் கடந்து ஓடினார். கழுத்தில் சலூன் துணி. இடது கன்னத்தில் சோப்.

"எனக்கு வண்டி வேணாம்!"

அப்துல் ஸமட் மங்கிய கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆரு, முகைதீன்பாவாவா? முகத்தில என்ன வெள்ளையா?"

"நான் இஞ்ச வரவேயில்ல. வந்தது நானில்ல. வெளங்குதா?"

"அப்ப மத்தவருக்குக் குடுக்கவா?"

"ஆருக்கும் குடுங்க! கடலுக்குள்ள விடுங்க!"

அன்றைக்கே பிக்கப் அந்த வளவிலிருந்து போய்விட்டது. ஒரு நாள் முழுவதும் முகைதீன்பாவாவுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் சுவரைப் பார்த்தார். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுத் தொப்பியை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றார் சபியா உம்மா.

"மருதமுனைக்கு. காவின ஆறு மாசம் தள்ளிப்போடக் கேக்கப் போறன்."

சபியா உம்மா வாசல்படியில் குந்திவிட்டார். எங்கள் ஊரில் ஒரு வாப்பா அப்படிப் போய்க் கேட்பது என்றால், பிறகு அந்தப் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். உள்ளே நஸீறா எதையோ கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அப்போது ஒழுங்கைக்குள் ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. வேலியை உரசிக்கொண்டு வந்தது அந்தப் பிக்கப். இரண்டாவது கியர் ஒருதரம் பாய்ந்தது. பின்னால் மணல், விளிம்பு வரை. அதற்கு மேல் இரண்டு பேர் மண்வெட்டிகளோடு இருந்தார்கள்.

மருதமுனைப் பேச்சுள்ள ஒரு ட்ரைவர் வலப்பக்கத்தால் இறங்கினான்.

"மாமா, மணல எவடத்தில கொட்டுற? கல்லு அடுத்த நடையில வரும்."

முகைதீன்பாவா அசையவில்லை. "ஆரு அனுப்பின? எவ்வளவு கேக்கச் சொன்னாங்க? சீதனத்தில எழுதவா?"

"ஒண்டும் கேக்கச் சொல்லயில்ல. மாப்பிள்ள தான் குடியிரிக்கப்போற வீட்டுக்கெண்டு வாங்கின வண்டி இது. காவினுக்கு முன்ன அவரு இந்த ஒழுங்கைக்குள்ள வந்தா ஊர் சிரிக்குமே, அதால காக்காவ விட்டு ஆருக்கும் தெரியாம வாங்கினவர்." ட்ரைவர் பின் கதவைத் திறந்து மணலைத் தள்ளிவிட்டபடி சொன்னான்: "ஒரு கிழமைக்கு முன்னயே வந்திருப்பமாம் மாமா. எவனோ ஒரு விசரன், வாங்கவும் மாட்டானாம், வாங்கவும் விடமாட்டானாம், விலைய ஏத்திக்கிட்டே இருந்தானாம்."

வீடு இருபத்தாறு நாளில் முடிந்தது. காவின் சொன்ன நாளில் எழுதப்பட்டது. நஸீறாவுக்கு நான்கு பிள்ளைகள். அப்துல் ஸமட் கண் புரையை வெட்டிக்கொண்டு, பார்வை திரும்பி, வண்டியை விற்றதற்காகக் கொஞ்சநாள் வருத்தப்பட்டார். அபூசாலி சவூதிக்குப் போனார். ஸைனுலாப்தீன் மாடு வியாபாரம் தொடங்கி, விற்கிறவர்கள் மேல் இரக்கப்பட்டு நட்டப்பட்டார். பிக்கப் உதுமாலெப்பையின் சாரன்களை இன்னும் ஒன்பது வருஷம் சுமந்தது. அந்த விசரன் யாரென்று இஸ்ஸதீன் மாஸ்டர் பெருநாளைக்குப் பெருநாள் கேட்பார். முகைதீன்பாவா, தனக்கும் அதுதான் யோசனையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.