இண்டூரில் மழை வராது என்று சொன்னேன்

படித்ததை எல்லாம் யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு இருபத்து நான்கு வயதில் பலருக்கும் வரும். எனக்கு அது முற்றிப்போய் வந்தது. எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய், மழை ஏன் பெய்கிறது, பூமி ஏன் சூடாகிறது என்று பேசுவேன். (யாரும் கூப்பிட்டதில்லை. நானாகவே போவேன்.)

அன்று இண்டூர். மாதா கோயில் வேப்பமரத்தடியில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் நானே செய்த காற்றழுத்தமானி. ஊறுகாய் பாட்டில், அதன் வாயில் இழுத்துக் கட்டிய பலூன், பலூன்மேல் ஒட்டிய துடைப்பக்குச்சி, குச்சி நுனியருகே கோடு போட்ட அட்டை. அழுத்தம் குறைந்தால் நுனி கீழே இறங்கும். மழை வரப்போகிறது என்று அர்த்தம்.

நான் கரியமில வாயுவில் உச்சத்தில் இருந்தபோது, முன்வரிசையில் இருந்த மேரியக்கா எழுந்தார். சொந்த நிலத்தில் நிலக்கடலை பயிரிடுகிறவர்.

“மேக்கால கருக்குதுங்க டீச்சர். பாறையில வெதக் கல்லக்கா காயுது. அள்ளிட்டு வந்துர்றேனுங்க.”

விதைக்கடலை நனைந்தால் அடுத்த போகத்துக்கு விதை இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் என் பேச்சின் நடுவே ஒருவர் எழுந்து போவதை என்னால் தாங்க முடியவில்லை.

“உக்காருங்கக்கா. குச்சி அசையவே இல்ல பாருங்க. இன்னைக்கு மழை வராது.”

அவர் வானத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். “படிச்சவங்க சொல்றீங்க” என்று உட்கார்ந்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் வானம் பொத்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் பாறைக்கு ஓடியது. கஞ்சி போட்ட புதுச்சேலையோடு நானும் ஓடினேன். நாலு பேர் அள்ளிக் குவித்திருந்த கடலைமேல் வழுக்கி விழுந்தேன். குவியல் சரிந்து தண்ணீரோடு போனது. (என் பங்கு உதவி அவ்வளவுதான்.)

எல்லோரும் சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் ஒதுங்கினோம். யாரோ பாட்டிலையும் உள்ளே கொண்டு வந்திருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். பசை வழிந்து, குச்சியின் நுனி அட்டையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. புயலே வந்தாலும் அது அசைந்திருக்காது.

சொல்லாமல் மறைத்திருக்கலாம். அந்தக் கடலையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“அக்கா, குச்சி அட்டையில ஒட்டிக்கிச்சு. நான் பாக்கல. தப்பு என்னுது.”

மேரியக்கா முந்தானையைப் பிழிந்தபடி கேட்டார்: “ஒட்டாம இருந்திருந்தா சொல்லியிருக்குமுங்களா?”

“சொல்லியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

“அப்ப அடுத்த வாரம் ஒட்டாம செஞ்சு எடுத்தாங்க. எங்க வூட்டுக்கும் ஒண்ணு.”

என் முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீர்தான் என்று எல்லோரும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

பாதிக் கடலை தப்பியது. மீதிக்குப் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விதை கொடுத்தார்கள். நனைந்ததை மேரியக்கா உப்புப் போட்டு அவித்து, முதல் தட்டை என் கையில் கொடுத்தார். அடுத்த மாதம் தன் தாய்வீடான அதியமான்கோட்டையில் அவரே போய்ச் சொன்னாராம்: “அந்த டீச்சர் தப்பாச் சொன்னா தப்புன்னு ஒத்துக்கும். கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க.” என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. அதன்பிறகு பேசிய ஒவ்வொரு ஊருக்கும் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்றும் நான் “மழை வராது” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், என் மகள் மறுபேச்சில்லாமல் மாடிக்குப் போய்க் காய்கிற துணிகளை எடுத்து வந்துவிடுகிறாள். பெரும்பாலும் அவள் செய்வதுதான் சரியாக இருக்கிறது.