வரிசைப்படி வந்த சோகம்

மனைவியை வெளியூருக்கு அனுப்புவதில்லை என்று பிழைதிருத்துபவர் முடிவு கட்டினார். கட்டியது மனசுக்குள். வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இருந்தால் பத்திரிகை ஆபீசில் அடுத்தவர் எழுத்தைத் திருத்திக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

அவள் உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவள். பாடங்கள் முடிந்தன. ஆய்வேட்டுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. மீதி ஒன்றுதான்: வெளியூர் மருத்துவமனையில், மூத்தவர்கள் மேற்பார்வையில், ஒரு வருஷம் நோயாளிகளைப் பார்க்கவேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை.

ஒரு வருஷம்! சின்னஞ்சிறு மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் கேட்ட ஒரே குரல் மனைவியுடையதுதான்.

அவள் புத்தகத்தையே எடுத்து, மனச்சோர்வு அத்தியாயத்தைப் படித்து, அவளைப் போகவிடாமல் தடுக்க அந்த நோய் வந்தவராக நடிக்கத் தொடங்கினார். திங்கள், பெருமூச்சு. செவ்வாய், தூக்கமின்மை. புதன், எதிலும் நாட்டமில்லை, பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை.

வியாழன் காலை, தட்டில் பாதிதான் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"இன்னிக்குப் பசியின்மைதானே? வீணாப் போகவேணாமேன்னு."

"யார் சொன்னா?"

"புத்தகம் சொல்லுது. ஒரு வரி தாண்டாம, வரிசை மாறாம நோய் வர்ற ஒரே ஆள் நீங்கதான். ஓரத்துல பென்சில் திருத்தம் வேற!"

"அச்சுப்பிழை இருந்துச்சு," என்றார் பரிதாபமாக.

சிரித்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"புத்தகத்துல இல்லாத ஒண்ணு கேக்கறேன். ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வாசக்கதவை ஏன் சத்தமே வராம சாத்தறீங்க?"

"பாப்பா முழிச்சுக்குவா..."

வாய் தன்னால் சொல்லிவிட்டது. மகள் போன அன்றுகூட, தைரியம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று அழாமல் நின்றவர், பாதித் தட்டின் முன்னால் விக்கி விக்கி அழுதார். அவளும் அழுதாள். முதலில் முகம் துடைத்தவள் அவள்தான்.

"சொந்த மனுஷாளுக்கு நான் வைத்தியம் பாக்கக்கூடாது. அது எங்க விதி. எனக்கு முன்னாடி படிச்சு முடிச்சு டாக்டரான அக்காகிட்ட வாராவாரம் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கேன்."

"எப்ப வாங்கினே?"

"நீங்க முதல் பெருமூச்சு விட்ட அன்னிக்கே."

"அப்போ... ஊருக்கு?"

"அழவே தெரியாதவரை எப்படித் தனியா விடறது, ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இப்பதான் அழுதுட்டீங்களே."

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கி வாடகைக் காரில் வைத்தவர் அவர்தான். அவள் ஏறிக்கொண்டதும் கதவை மெல்லச் சாத்தினார்.

"சரியா மூடலை சார்," என்றார் டிரைவர். "ஓங்கிச் சாத்துங்க."