ஹைபிரிட் காரில் இறங்கிய சூரியபகவான்

உரும்பிராயில் சூரியபகவான் இறங்கிவிட்டார். ஏழு குதிரை பூட்டிய தேரில் அல்ல. ஜப்பானிலிருந்து பழசாக வந்த ஹைபிரிட் காரில்.

நாட்டில் பெற்றோல் இல்லாத வருடம் அது. பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் வாகனங்கள் ஊர் எல்லை தாண்டிக் கிடந்தன. வரிசையிலேயே சவரம் செய்தார்கள், கல்யாணம் பேசினார்கள், காணிச் சண்டை பிடித்தார்கள். அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் சூரியானந்த சுவாமிகள் திருவாய் மலர்ந்தார்: இனிப் பெற்றோல் வேண்டாம். பிளக் வேண்டாம். கரண்ட் வேண்டாம். காரின் கூரையில் ஒரு செப்புத் தகடு, தகட்டில் சூரிய யந்திரம், அரை மணித்தியால மந்திரம். கார் வெயிலில் ஓடும்!

வெயிலுக்கா யாழ்ப்பாணத்தில் பஞ்சம்? சனம் அள்ளுண்டு வந்தது. வங்கி முகாமையாளர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர் வந்தார். கனடாவிலிருந்து லீவில் வந்தவர் அங்கிருந்தே பொன்னாடை கொண்டுவந்தார். கார் இல்லாதவர்களும் வந்தார்கள், மோட்டார் சைக்கிளுக்குச் சின்னத் தகடு இருக்கிறதா என்று கேட்க.

இந்தச் சூரியானந்தர் யார்? நேற்றுவரை சண்முகநாதன். கார் புரோக்கர். பழைய ஹைபிரிட் கார்களை விற்றுக் கொடுத்தவர். ஆகவே அந்தக் கார்களின் குணம் அவருக்குத் தெரியும். வாங்கியவர்களின் குணம் அதைவிட நன்றாகத் தெரியும்.

அற்புதம் நடக்கும் முறை இதுதான். காரைக் கிழக்கே பார்த்து நிறுத்துவார். குளிரூட்டியை முழு வேகத்தில் போடச் சொல்வார், "பகவானுக்குச் சூடு ஆகாது" என்று. சுற்றிவர மேளச்சமா. தவில்காரர் எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலேயே நின்று வெளுத்து வாங்குவார். குளிரூட்டி குடித்துக் குடித்துப் பற்றரி இறங்கும். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். சனம் பதறும். சுவாமி கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்துவார். ஒருவரும் மிதிக்காமல், ஒருவரும் தொடாமல், கட்டங்கள் திரும்ப ஏறத் தொடங்கும்!

"அரோகரா!"

ஹைபிரிட் கார் என்றாலே அப்படித்தான். பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக எழும்பும். தாங்கியில் இருக்கும் பெற்றோலைக் குடித்துப் பற்றரியை ஏற்றும். சுவாமியைக் கேட்டு எழும்புவதில்லை. கார் செய்த நாளிலிருந்து அது செய்துவரும் வேலை அது. காரோடு வந்த புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. ஆகவே அற்புதம் தமிழில் நடந்தது.

தகடு ஏற்றிய கார்களுக்குச் சில நியமங்கள் உண்டு. பெற்றோல் அளவு காட்டும் இடத்தை மறைத்து ஒரு யந்திரம் ஒட்டப்படும். அதை உரித்துப் பார்ப்பது சந்தேகம், சந்தேகம் பாவம். பெற்றோல் செட் பக்கம் போவது அதைவிடப் பாவம். ஞாயிறு தோறும் காரைக் கொண்டுவந்து விடவேண்டும். சுவாமி மஞ்சள் திரைக்குப் பின்னால் அதைத் தனியே கொண்டுபோய்த் தாங்கியில் "சூரிய தீர்த்தம்" வார்ப்பார். அதற்குக் காணிக்கை. காணிக்கையின் அளவைச் சொன்னால் பெற்றோல் விற்பவர்கள் பொறாமைப்படுவார்கள்.

இன்னுமொரு நியமமும் இருந்தது. ஆச்சிரம வளவுக்குள் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கொளுத்தக் கூடாது. "சூரியன் இருக்க விளக்கெதுக்கு?" என்றார் சுவாமி. கற்பூரம் காட்டாத சாமியாரை யாழ்ப்பாணம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. என்ன தத்துவம், என்ன தத்துவம் என்று வாயைப் பிளந்தது.

புத்தூர் மயூரதனும் பிளந்தான். அவன் தன் ஹைபிரிட் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன். மனைவி கோபிகா தபால் கந்தோரில் வேலை. கோபிகாவின் தகப்பன் கனகரத்தினம் அவர்களோடு இருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் பல நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வரவேண்டும். போகாவிட்டால் உடம்பு வீங்கும், மூச்சு முட்டும். அந்தக் கார் ஓடுவதும் அவர் உயிர் ஓடுவதும் ஒன்று.

கோபிகா முதலில் புருசனை நெல்லியடியில் கராஜ் வைத்திருந்த லெனாட்டிடம் அனுப்பினாள். லெனாட் உள்ளதைச் சொன்னான்: "பிளக் குத்தி ஏத்திற மாதிரி மாத்தலாம் அண்ணை. ஆனா பெரிய பற்றரி வேணும், சார்ஜர் வேணும், சாமான் வெளியிலையிருந்து வரவேணும். மாதக்கணக்கு எடுக்கும். கூரையிலை சோலர் போட்டாலும், நாள் முழுக்க வெயிலிலை விட்டால் சந்தைக்குப் போய்வரக் காணும். ஆஸ்பத்திரிக்குக் காணாது."

அறிவு மாதக்கணக்குக் கேட்டது. அருள் அரை மணித்தியாலம்தான் கேட்டது. மயூரதன் அருளின் பக்கம் போனான்.

தகடு ஏறிய கார் வீட்டுக்கு வந்த அன்று கோபிகா காது கொடுத்துக் கேட்டாள்.

"எஞ்சின் சத்தம் கேக்குதே?"

"அது பூர்வ வாசனையாம். இவ்வளவு காலம் சுத்தின பழக்கத்திலை சுத்துதாம். போகப் போக அடங்குமாம். சாமி சொன்னவர்."

"பின்னாலை புகை வருதே?"

"காரின்ரை கர்மவினை கழியுது."

கனகரத்தினம் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: "தம்பி, என்ரை கர்மவினையையும் ஆஸ்பத்திரியிலைதான் கழுவுறாங்கள். எனக்கும் ஒரு தகடு அடிச்சு விடச் சொல்லுமன்." மருமகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்திமான்களுக்கு முதலில் பழுதாவது அதுதான்.

இரண்டு மூன்று கிழமை கார் ஓடியது. மயூரதன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு ஞாயிறு ஆச்சிரமத்தில் சனம் கூடிப்போய்விட்டது. தீர்த்தத்தை எல்லாக் காருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வார்த்தார்கள். அது அவனுக்கு எப்படித் தெரியும்? அளவு காட்டும் இடத்தில்தான் யந்திரம் இருக்கிறதே.

அந்த வியாழக்கிழமை காலை, நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, கார் ஒருமுறை குலுங்கியது. திரையில் ஏதோ சிவப்பாக மின்னியது, ஜப்பான் மொழியில். கொஞ்சத் தூரம் பற்றரியில் ஊர்ந்து, பிறகு நின்றே விட்டது. மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூரைத் தகடு தொடமுடியாமல் சுட்டது. சூரியபகவான் முழுப் பலத்தோடு நின்றார். கார் மட்டும் அசையவில்லை.

மயூரதன் மந்திரம் சொன்னான். கோபிகா பின்சீற்றில் தகப்பனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மூச்சு இளைத்தது. உதடு வெளுத்தது.

"மந்திரத்தை விட்டிட்டு இறங்கி ஆரையும் மறியுங்கோ!" என்று கத்தினாள்.

மறித்தபோது நின்றது, சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போன லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரம் ஒன்று. குலைகளை ஒதுக்கி, சாக்கை விரித்து, கனகரத்தினத்தை அதில் கிடத்தினார்கள். குண்டும் குழியுமான பாதையில் அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவருடைய முறை தவறிவிட்டது. தாதி ஒருத்தி ஓடித் திரிந்து வேறொரு முறைக்குள் அவரைச் சேர்த்தாள். உயிர் தப்பியது. டொக்டர் மயூரதனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நீர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கத் தேவையில்லை" என்றார்.

இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மயூரதன் நேரே உரும்பிராய்க்குத்தான் ஓடினான். சுவாமி கண்ணை மூடினார். யோசித்தார். அகப்பட்டது விடை.

"அண்டைக்குக் காருக்குள்ளை ஒரு பொம்பிளை இருந்தவவோ?"

"ஓம் சாமி. என்ரை மனிசி."

"தீட்டோடை ஏறியிருக்கிறா. அதுதான் பகவான் இறங்கிப் போயிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவவைக் கூட்டிக்கொண்டு வாரும். எல்லாருக்கும் முன்னாலை தீர்த்தத்தைப் பார்த்து மன்னிப்புக் கேக்கவேணும். கேட்டால் கார் ஓடும்."

பாருங்கள் சாமர்த்தியத்தை. பெற்றோல் முடிந்ததற்கும் ஒரு பெண்தான் காரணம்!

வீட்டுக்கு வந்து அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தகப்பனின் வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்த கோபிகாவின் கை நின்றது.

"ஐயா மூச்சுக்குத் தவிச்சது என்னாலையோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. சாமிதான்..."

"சாமி சொன்னதை என்னட்டைக் கொண்டுவந்து சொன்னது நீங்கள். சூரியன் என்ரை உடுப்பை எந்த நாளும் காயவைக்கிறார். ஒருநாளும் என்ன நாள் எண்டு கேட்டதில்லை. உங்கடை காருக்கு மட்டும் கேக்கிறாரோ?"

அவள் எழுந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை தானே? வாறன்."

கனகரத்தினமும் வந்தார். "வேண்டாம் மாமா, உங்களுக்கு ஏலாது" என்று மயூரதன் தடுத்துப் பார்த்தான். "என்னைக் கொல்லப் பாத்த ஆளை நான் ஒருக்காக் கும்பிட வேண்டாமோ?" என்று அவர் பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறிவிட்டார்.

அன்று ஆச்சிரமத்தில் கால் வைக்க இடமில்லை. தீட்டுப்பட்ட பெண் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று செய்தி போயிருந்தது. அற்புதம் பார்க்க வருவதைவிட ஒரு பெண் தலைகுனிவதைப் பார்க்கச் சனம் கூட வரும். வந்திருந்தது.

கோபிகா ஒரு தட்டோடு நடந்து வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய். நடுவில் ஒரு கட்டி கற்பூரம். கையில் நெருப்புப்பெட்டி.

சுவாமியின் முகம் மாறியது. "தங்கச்சி, இஞ்சை கற்பூரம் கொளுத்திறேல்லை."

"தெரியும் சாமி. சூரியனுக்கு முன்னாலை கொளுத்தேல்லை. தீர்த்தத்துக்கு முன்னாலைதான் கொளுத்தப்போறன். அதைப் பார்த்துத்தானே மன்னிப்புக் கேக்கச் சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டு சொன்னால் வேண்டாம்! வாயாலை கேட்டாப் போதும்."

"பிழை பெரிசெல்லோ. வாயாலை மட்டும் கேட்டால் வடிவில்லை." அவள் மஞ்சள் திரையை நோக்கி நடந்தாள். சனத்தில் யாரோ, "கொளுத்தட்டுமே சாமி, பாவம்" என்றார்கள். ஓய்வுபெற்ற அதிபர், "நல்ல பிள்ளை, மரபு தெரிஞ்ச பிள்ளை" என்று தலையாட்டினார்.

சுவாமி பீடத்தை விட்டுக் குதித்தார். காவி கால்களில் சிக்கியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். வியர்த்து விட்டது.

"கிட்ட வராதை!"

"ஏன் சாமி பயப்பிடுறியள்? தீர்த்தம் தானே? தண்ணியிலை நெருப்புப் பிடிக்குமோ?"

கோபிகா நெருப்புப்பெட்டியைத் தூக்கிப் பிடித்து, மெதுவாகத் திறக்கப் போனாள்.

"ஐயோ விசரி! பெற்றோலடி! உள்ளுக்கை முழுக்கப் பெற்றோல்! எல்லாரும் எரிஞ்சு செத்துப்போவம்!"

தவில் நின்றது.

இத்தனை கிழமையாகத் தீர்த்தத்துக்கு ஒருவரும் சொல்லாத பெயர், கடைசியில் சுவாமியின் வாயிலேயே வந்தது. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை. அதுவும் தன் தோலைக் காப்பாற்ற.

கோபிகா பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை. வெறும் பெட்டி.

"உங்களையெல்லாம் எரிக்க எனக்கென்ன விசரோ?" என்றாள். "பெற்றோல் ஒளிச்சு வைச்சிருக்கிற ஆள்தான் நெருப்புப்பெட்டிக்குப் பயப்பிடும். அதைத்தான் பாக்க வந்தனான்."

கனகரத்தினம் தடியை ஊன்றி வந்து திரையை ஒரே இழுப்பாய் இழுத்தார். பிளாஸ்ரிக் கான்கள். நிலத்திலிருந்து கூரைவரை. பதுக்கிய பெற்றோல், சந்தனமும் பூவும் சாத்தி.

மயூரதன், கயிறு கட்டி இழுத்துவந்து வளவில் விட்டிருந்த தன் காரிடம் போனான். கூரைத் தகட்டை இரண்டு கையாலும் நெம்பினான். கழன்று வந்தது. தகட்டிலிருந்து காருக்குள் போன வயர் விரல் நீளத்தோடு முடிந்திருந்தது. நுனியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. எதிலும் கொழுவவில்லை. அவன் அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்க்க முயன்றான். முடியவில்லை. மாமனாரின் காலடியில் போய் இருந்தான்.

"எழும்பும் தம்பி," என்றார் கனகரத்தினம். "காலிலை விழுந்தது காணும். இனிமேல் நிமிந்து நிண்டு பழகும்."

சனம் என்ன செய்தது? கோபம் கொண்டதா? கொஞ்சம் கொண்டது. ஆனால் முன்வரிசையில் நின்ற வங்கி முகாமையாளர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப அந்தக் கான் ஒண்டு என்ன விலைக்குத் தருவியள்?" அடுத்த கணமே அங்கே ஒரு வரிசை உருவாகிவிட்டது.

பொலிஸ் வந்தது. கான்களை ஏற்றியது. சண்முகநாதனையும் ஏற்றியது, அனுமதியில்லாமல் எரிபொருள் பதுக்கியதற்காக. பொறுப்பதிகாரி சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏமாத்துப்பட்ட ஆக்கள் ஸ்டேசனுக்கு வந்து வாக்குமூலம் குடுங்கோ. அப்பதான் மோசடி வழக்கும் போடலாம்."

வளவு வெறிச்சோடியது. ஓய்வுபெற்ற அதிபர், "நான் சும்மா விடுப்புப் பாக்க வந்தனான்" என்றார். கனடாக்காரருக்கு விமானம் பிடிக்க நேரமாகிவிட்டது. இன்னொருவர் கூரையில் தகடு மின்ன, "எனக்கு உதிலை நம்பிக்கையே இல்லை" என்று சொல்லிக்கொண்டு காரைத் திருப்பினார். காரும் புகை விட்டபடி கர்மவினை கழித்துக்கொண்டு போனது.

பொலிஸ் நிலையத்துக்குப் போனது மயூரதன் ஒருவன்தான். பக்கத்தில் கோபிகா.

"உம்மட்டை என்ன சொல்லி ஏமாத்தினவர்?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"வெயிலிலை கார் ஓடும் எண்டவர். பேந்து என்ரை மனிசியிலை பிழை எண்டவர்."

"ரண்டையும் நம்பினீரோ?"

"ஓம். ரண்டையும் நம்பினனான். அப்பிடியே எழுதுங்கோ."

எழுதினார்கள். அந்த வழக்கில் ஏமாந்தவர் என்று இன்றுவரை இருப்பது அந்த ஒரே பெயர். மற்ற எல்லாரும் மானஸ்தர்கள். ஏமாந்தேன் என்று சொல்ல அவர்களுக்கு அவ்வளவு வெட்கம். யோசிக்காமல் கைகூப்பி நின்றதற்குத்தான் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை.