பவித்ராவின் கோரைப்பல்லுக்கு நான் ஒதுக்கிய இடம்

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. (என் வாயை மூடிக்கொள்ள யாரும் கற்றுத் தரவில்லை.)

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளன். படித்து வந்தவன் இல்லை. டாக்டர் பேசுவதை ஒரு காதாலும், காத்திருப்பவர்கள் புலம்புவதை மறு காதாலும் கேட்டுத் தேறியவன். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது ஓர் அட்டவணை. கீழே முளைத்துவிட்ட நான்கு முன்பற்களின் அகலத்தை அளந்து கூட்டினால், ஈறுக்குள் ஒளிந்திருக்கும் பற்கள் எவ்வளவு பெரிதாக வரும் என்று சொல்லிவிடும். ஜோசியம்தான், ஆனால் மில்லிமீட்டரில்! எனக்கென்று ஒரு நகல் எடுத்தேன். ஓரத்தில் டாக்டர் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தார். அசிங்கமாக இருக்கிறதே என்று அதை வெள்ளைத் தாளால் மறைத்து நகலெடுத்து, லேமினேட்டும் செய்துகொண்டேன்.

அக்கா மகள் பவித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது. டாக்டர் அவள் பல்வரிசையை அச்செடுத்துவிட்டு, “அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, எக்ஸ்ரே பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து தினமும் போன்.

“தம்பி, பிள்ளைக்குப் பல்லு கோணலா வருமாடா?”

அச்சை எடுத்து நானே அளந்தேன். அட்டவணையைப் பார்த்தேன்.

“தாராளமா இடம் இருக்குக்கா. எக்ஸ்ரேலாம் வேணாம்லா. அப்பாயின்மென்ட்ட கேன்சல் பண்ணிடு.”

“நீ சொன்னா சரிடா.”

(அன்றைக்கே கேன்சல் செய்துவிட்டாள்.)

இரண்டரை வருஷத்தில் கோரைப்பற்கள் வந்தன. வரிசையில் இல்லை, அதற்கு மேலே, நெரிசலான எம்ஆர்டி ரயிலில் கதவோரம் ஒட்டி நிற்பவர்கள் மாதிரி. பள்ளியில் யார் என்ன சொன்னார்களோ, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அக்கா அவளைக் கூட்டி வந்தாள். டாக்டர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாட்சிக்கு லேமினேட்டை நீட்டினேன்.

“ஓரத்துல நான் எழுதினது எங்க?”

“கிறுக்கலா இருந்துச்சு டாக்டர்... மறைச்சிட்டேன்.”

“அதுதானே முக்கியம்! இது வெள்ளைக்காரப் பிள்ளைங்கள அளந்து போட்ட அட்டவணை. நம்ம பிள்ளைங்களுக்குப் பல்லு இன்னும் பெருசா வரலாம், இத மட்டும் நம்பாதன்னு எழுதியிருந்தேன். அப்பவே வந்திருந்தா இடத்தக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப ரெண்டு நல்ல பல்ல எடுக்கணும்.”

“நல்ல பல்லையா?” என்றாள் அக்கா. பவித்ராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பல் எடுத்த அன்று பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். வாயில் இருந்த பஞ்சுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள்: “மாமா, இனிமே நீங்க அளக்காதீங்க.”

இப்போது அவளுக்கு இருபது வயது. கம்பி போட்டு, பல்வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. வீட்டில் புது சோபா உள்ளே நுழையுமா என்று பேச்சு வந்தால் போதும், அத்தான் முந்திக்கொள்வார்.

“மாப்ள அளக்கட்டும்லா. இடம் பத்தலன்னா, நல்ல சுவரா பாத்து ரெண்ட எடுத்துடலாம்!”

எல்லாரும் சிரிப்பார்கள். பவித்ராவும்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.