செம்மலை வீட்டு இரண்டாவது வயர்

எல்லோரும் சௌக்கியமா? மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? வெந்நீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், காரைக்குடி செம்மலைக்கு வந்த சோதனையை.

"பொட்டி செத்துப்போச்சா, இல்ல அதுக்கும் உங்க பாட்டுப் பிடிக்கலயா?" என்று மனைவி சுபலட்சுமி கேட்டபோது, செம்மலை ஸ்பீக்கருக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார்.

செம்மலை புதுவயல் அரிசி மில்லில் மேனேஜர். பகலெல்லாம் மில் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் பாட்டு வேண்டும். அதற்காக இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி ஹாலில் நிறுத்தியிருந்தார். ஹாலோ பூப்போட்ட கல் தரையும் உயரமான கூரையுமாகப் பெரிய ஹால். அங்கே தும்மினால்கூட இரண்டு முறை கேட்கும்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் நாலு திருகு. கீழ் இரண்டு தடித்த சத்தத்துக்கு, மேல் இரண்டு மெல்லிய சத்தத்துக்கு. நடுவே பித்தளைத் தகடு இரண்டையும் இணைக்கும். அது இருந்தால் ஒரு வயர் போதும். தகட்டைக் கழற்றிவிட்டு மேலுக்குத் தனி வயர், கீழுக்குத் தனி வயர் கொடுத்தால் பாட்டு பளிச்சென்று கேட்கும் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்திருந்தார்.

செம்மலை தகட்டைக் கழற்றினார். புது வயரைக் கீழே மட்டும் கொடுத்தார். தொம் தொம் என்று தாளம் வந்தது, பாடுகிறவரைக் காணோம். மேலே பழைய வயரைக் கொடுத்தார். பிளஸ், மைனஸ் மாறிப்போய், பாட்டு அடுப்பங்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது. வயரைச் சரியாக மாற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டையும் திரும்ப மாட்டினார். தகடு இருந்தால் இரண்டு வயரும் ஒரு வயர்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஹால் பழையபடி எதிரொலியோடு முழங்கியது.

சுபலட்சுமி தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கல்லலிலிருந்து அவள் அண்ணன் மீனாட்சிசுந்தரம் வருகிறார். போன தடவை, "பாடுறது ஒருத்தரா, ஊரே கூடிப் பாடுதா?" என்று கேட்டவர். அவர் வாயால் நல்லா இருக்கு என்று வந்தால் ஸ்பீக்கர் ஹாலில் இருக்கலாம். வராவிட்டால் மாடி அறைக்கு, பழைய பாத்திரங்களோடு.

ஞாயிறு காலை மச்சானை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார் செம்மலை. வழியிலேயே மழை. திரும்பி வந்து பார்த்தால், ஹாலில் நடக்க இடமில்லை. அடுத்த வாரம் குலதெய்வத்துக்குப் படையல் போடும் படைப்பு. ஊரே வந்து உட்கார வேண்டுமே என்று வீட்டு ஜமுக்காளம் அத்தனையையும் துவைத்திருந்தார்கள். மாடியில் காயப்போட்டதெல்லாம் மழைக்கு இப்போது ஹாலில், தூணுக்குத் தூண் திரைபோலத் தொங்கியது.

"இன்னைக்குத்தானா?" என்றார் செம்மலை.

"சாமி காரியம். உங்க வயருக்காகக் காத்திருக்குமா?" என்றாள் சுபலட்சுமி.

இரண்டு ஜமுக்காளத்துக்கு நடுவே நாற்காலி போட்டு மச்சானை உட்காரவைத்தார். மழையில் நனைந்த மச்சான் ஒரு தும்மல் போட்டார், அது ஒரு முறைதான் கேட்டது. நாதஸ்வரத்தை ஓடவிட்டார்.

மீனாட்சிசுந்தரம் முதலில் காலை ஆட்டினார். அப்புறம் ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். பாட்டு முடிந்ததும் எழுந்துவந்து செம்மலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, வாசிக்கிற ஆளு மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குதுய்யா. தங்கச்சி, இந்தப் பொட்டிய யாரும் தொடக்கூடாது."

சுபலட்சுமி கந்தரப்பம் அடுக்கிய பலகாரத் தட்டை அண்ணனைத் தாண்டிப் புருஷனிடம் முதலில் நீட்டினாள். கல்யாணமானதிலிருந்து நடக்காத அதிசயம்.

செம்மலைக்கு நெஞ்சு விரிந்தது. "எல்லாம் அந்த ரெண்டாவது வயரு செய்ற வேலை மச்சான். இங்குட்டு வந்து பாருங்க" என்று ஸ்பீக்கருக்குப் பின்னால் கூட்டிப்போனார். குனிந்தார். பழைய வயர் மட்டும் இருந்தது. கையால் துழாவினார். புது வயரைக் காணோம்.

வேலைக்கு வரும் பொன்னுத்தாயி கடைசி ஜமுக்காளத்தின் ஓரத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அந்தத் தடி வயரையா தேடுறீக? மழை அவசரத்துல கயிறு கெடைக்கல, உருவிக் கொடி கட்டிட்டேன். இம்புட்டு ஜமுக்காளமும் அதுலதான் தொங்குது."

உங்கள் வீட்டில் எந்தச் சாமான், வாங்கிய வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்து மானத்தைக் காப்பாற்றியது? எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.